ஒரு நிமிஷம்

மறுபடியும் எழுந்துவிட்டாள்.

ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. தண்ணீர் பாட்டில் நிறைந்துதான் இருந்தது. அதையே எடுத்துக்கொண்டு போய், பாதியைக் கொட்டிவிட்டு, திரும்பப் பிடித்து வந்தாள்.

மணி மூன்று பத்து.

நான்கு மணிக்குள் டைம்ஷீட் வாடிக்கையாளருக்குப் போயாக வேண்டும். இந்த மாதம் குழுவின் ஒன்பது பேரும் ஆளுக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்ற பட்டியல். அதைப் பார்த்துத்தான் அங்கிருந்து பணம் வரும். சரிபார்த்து அனுப்புவது மாதத்துக்கு ஒருவர். இந்த மாதம் அவள் முறை.

நல்ல மாதமாகப் பார்த்து வந்து சேர்ந்தது!

காலையில் மேலாளர் அவளை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். வாடிக்கையாளர் ஓர் ஆளைக் குறைக்கிறாராம். பட்டியலில் யாருக்கு மணி குறைவோ, அவர் திங்கள்கிழமை முதல் இந்த ப்ராஜெக்டில் இல்லை. யாரிடமும் மூச்சு விட வேண்டாம் என்றார்.

ப்ராஜெக்ட் இல்லாதவர்களை இரண்டு மாதம் சும்மா உட்கார வைப்பார்கள். அப்புறம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள்.

கடைசி வரியில் பூபதி இருந்தார். நூற்றுப் பன்னிரண்டு மணி.

பூபதியா கடைசி? அநியாயம்!

யாருக்கு எது மாட்டிக்கொண்டாலும் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து நிற்கிற மனிதர். நாற்பத்தெட்டு வயது. இனி வெளியே போனால் யார் கூப்பிட்டு வேலை தருவார்கள்?

எல்லாம் இந்தப் பாழாய்ப்போன வழக்கத்தால் வந்தது. வருகிற ஒவ்வொரு வேலைக்கும் ஒரு டிக்கெட்; அது யார் பெயரில் இருக்கிறதோ, அதில் செலவான நேரம் முழுக்க அவர் கணக்கில். பக்கத்தில் உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தவருக்கு ஒன்றும் கிடையாது. எவர் ஆரம்பித்து வைத்தாரோ. ஒருவரும் கேட்டதில்லை. பூபதியும்தான்.

அவள் பெயர் மூன்றாவது வரியில் இருந்தது. நூற்று நாற்பத்தெட்டு மணி.

வெட்கமாக இருந்தது.

பிரசவ விடுப்பு முடிந்து வந்து ஆறு வாரம். வந்தபோது பாதி வேலை மறந்திருந்தது. ராத்தூக்கம் இல்லாத தலை எதையும் பிடித்து வைத்துக்கொள்ள மறுத்தது.

பூபதியோடு பேசிய சாட் பக்கத்தைத் திறந்து மேலே மேலே தள்ளினாள்.

அண்ணா, ஒரு நிமிஷம் வரீங்களா?

வர்றேன் அம்மணி.

அண்ணா, ஒரு நிமிஷம்.

வர்றேன் அம்மணி.

எல்லா நாளும் ஒரு நிமிஷம்தான். பத்தரைக்கு வந்தவர் சாப்பாட்டு நேரம் வரை அங்கேயே உட்கார்ந்திருப்பார். ஒரு புதன்கிழமை முழுதும் போனது.

தாளை எடுத்து ஒவ்வொன்றாகக் குறித்துக் கூட்டினாள்.

முப்பத்தொரு மணி.

அவளிடமிருந்து அதைக் கழித்தால் நூற்றுப் பதினேழு. அவருக்கு மேலே இருப்பவருக்கே நூற்று இருபத்து நான்கு.

கடைசி வரி அவளுக்கு வரும்.

தாளை நாலாக மடித்தாள். பிரித்தாள். திரும்ப மடித்தாள்.

குழந்தைகள் காப்பகத்திலிருந்து படம் வந்தது. பிள்ளை வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான். அவனுடைய அப்பாவுக்கு வேலை போய் நான்கு மாதம் ஆகிறது. வீட்டில் இப்போது அவள் சம்பளம் மட்டும்தான்.

பேசாமல் இருந்துவிடலாம். வழக்கம் வழக்கம்தானே. யாரும் கேட்கப் போவதில்லை.

யாராவது கேட்டுத் தொலைத்தால் தேவலை என்று இருந்தது.

மூன்று நாற்பத்தைந்து.

பின்னால் நாற்காலிச் சக்கரங்களின் சத்தம்.

“என்னங்க அம்மணி, அப்பப் புடிச்சு எந்திரிச்சு எந்திரிச்சு உக்கார்றீங்க? எங்க மாட்டிக்கிச்சு?”

பூபதி.

பட்டியலைச் சட்டென்று மறைத்தாள். நேற்றிலிருந்து ஓட மறுக்கும் ஒரு டிக்கெட்டைத் திறந்து காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். ஒரு வரியை அழித்தார். கீழே ஒரு வரி சேர்த்தார்.

ஓடியது.

திரையின் மூலையில் டைமர் நகர்ந்துகொண்டிருந்தது. ஏழு நிமிடம். அவள் பெயரில்.

இந்த ஏழும்கூட!

யார்மேல் என்று தெரியாமல் கோபம் வந்தது.

“இதையெல்லாம் உங்க பேர்ல போட்டுக்கக் கூடாதாங்ணா?”

“அட போங்க அம்மணி. பக்கத்துல உக்காந்ததுக்கெல்லாமா கணக்கு எழுதுவாங்க?”

சிரித்துக்கொண்டே டீ எடுக்கப் போனார்.

மடித்த தாளைப் பிரித்து விசைப்பலகைமேல் வைத்தாள். தன் வரியில் முப்பத்தொன்றைக் கழித்தாள். அவர் வரியில் சேர்த்தாள். ஏன் மாற்றினாள் என்று ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் எதிரே எழுதினாள். விரல் இரண்டு முறை தப்பான எழுத்தில் விழுந்தது.

பட்டியல் தானாகவே வரிசை மாறியது. அவருடைய பெயர் மேலே போயிற்று.

அவளுடையதைத் தேடவே வேண்டியிருக்கவில்லை.

மூன்று ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினாள்.

எழுந்திருக்கத் தோன்றவில்லை.

பூபதி இரண்டு கப்போடு வந்தார். ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினார். திரையை எட்டிப் பார்த்தார்.

“இன்னும் நாலு டிக்கெட் கெடக்குதுங்களே. விடுங்க, திங்கக்கெழம வந்ததும் உக்காந்து முடிச்சரலாம். ஒரு நிமிஷ வேலைதான்.”

அவள் டீயைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“சரிங்ணா” என்றாள்.