ஒருக்களித்த கதவு

எந்தக் கடைக்குள் கால் வைத்தாலும் அங்கே என்ன குறை, எந்த இடம் காலியாகக் கிடக்கிறது என்று புட்டுப் புட்டு வைக்கிற தொழில் ஆலோசகர், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தன் அறையில் உட்கார்ந்து புத்தகம் எழுதுகிறார். 'வாடிக்கையாளர் வாய்விட்டுச் சொல்லாததைக் கேளுங்கள். வாய்ப்பு அங்கேதான் ஒளிந்திருக்கிறது.' சமையலறையில் மனைவியும் மகளும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். ஏதோ மூடி உருண்டு விழுகிறது. அதற்கும் ஒரு சிரிப்பு. அவருக்கு விரல் ஓடவில்லை. மேசைமேல் முக்கால் டம்ளர் தண்ணீர் இருக்கிறது. அதை மடமடவென்று குடித்துவிட்டு, காலி டம்ளரோடு எழுந்து போகிறார்.

அவர் தலை தெரிந்ததும் சிரிப்பு நின்றுவிடுகிறது. "என்னப்பா, ஏதாவது வேணுமா?" என்கிறாள் மகள், கண்ணோரத்து ஈரத்தைத் துடைத்தபடி. "தண்ணிதான்... என்ன அப்படிச் சிரிப்பு?" "சும்மாதான்பா." மனைவி டம்ளரை வாங்கி நிரப்புகிறாள். அது நிறைகிற சத்தம் மட்டும்தான் கேட்கிறது.

அறைக்குத் திரும்பியவர் கதவைச் சாத்தாமல் ஒருக்களித்து வைக்கிறார். அந்த இடுக்கு வழியாக வெயில் ஒரு கோடாக நீண்டு வந்து அவர் கால்விரலைத் தொடுகிறது. சற்று நேரத்தில் சிரிப்பு மறுபடி தொடங்குகிறது. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கேட்கிறார். முகம் மெல்ல இளகுகிறது.

வெளியே காலடிச் சத்தம். மகள்தான். "அம்மா, மெதுவா. அப்பா எழுதறாரு" என்று சமையலறைப் பக்கம் திரும்பிக் கிசுகிசுத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்து, சத்தமே வராமல், அவ்வளவு அக்கறையாகக் கதவைச் சாத்துகிறாள். தரையில் கிடந்த வெயில் கோடு மெலிந்து மெலிந்து மறைகிறது.