ஒரு நீளம், இரண்டு குட்டை

"கார்டு வேண்டாம் பாப்பா. அந்த ஸ்பீக்கரை எடு," என்றார் டிரைவர்.

மேசைமேல் இருந்த கருவிகளில் ஜோடிக்கு இரண்டுதான். எடுத்ததைத் திருப்பி வைக்கக் கூடாது. கணினி பழுதுபார்க்கும் மாலை வகுப்பின் செய்முறைத் தேர்வில் அதுதான் விதி. முன்பு பஸ் ஓட்டிய டிரைவர்தான் என் ஜோடி.

மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தாயிற்று. அதில் எங்களுக்குள் தகராறு இல்லை.

இரண்டாவதாக நான் கை நீட்டியது டயக்னாஸ்டிக் கார்டுக்கு. கணினியின் மதர்போர்டில் செருகினால், கோளாறு என்ன என்பதை ஒரு சின்னக் கண்ணாடியில் எண்ணாகக் காட்டிவிடும். பார்த்து எழுதினால் போதும். என்னைப் போன்ற சந்தேகப் பிராணிகளுக்கென்றே செய்த கருவி.

அவர் கேட்ட ஸ்பீக்கர் சட்டைப் பொத்தான் அளவு இருந்தது. அது கோளாறைப் பீப் சத்தமாகச் சொல்லும்; எல்லாம் சரி என்றால் ஒரே ஒரு குட்டை பீப். எது நீளம், எது குட்டை, எத்தனை என்று காதால் பிடிக்க வேண்டும். ஒன்று தப்பினால் எல்லாம் தப்பு.

"கார்டுல எண் பளிச்னு தெரியும்ணே."

"தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போகுது. இன்ஜின் இருமுறதை வச்சே எங்க நோவுன்னு சொன்னவன் நான். எடு பாப்பா."

எனக்கு வாதாட வராது. என் மதிப்பெண்ணோடு அவருடையதும் போய்விடுமே என்றுதான் பயம். தேறினால் பஸ் டிப்போவின் கணினி அறையில் அவருக்கு வேலை. தேறாவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். மகள் இப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள்.

ஓட்டுவதை ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், ஸ்டியரிங் பிடித்துக் கை காய்த்துப்போனது என்று சிரிப்பார்.

ஸ்பீக்கரை எடுத்தேன்.

எங்களுக்கு வந்த கணினியின் திரை கருப்பாக இருந்தது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். மின்சாரம் சரி. ஒருமுறைக்கு இருமுறை பார்த்தேன். சரிதான்.

ஸ்பீக்கரை மாட்டிவிட்டு இயக்கினோம். நான் எண்ணத் தொடங்குவதற்குள் சத்தம் முடிந்துவிட்டது. இரண்டா? மூன்றா?

"ஒரு நீளம், ரெண்டு குட்டை," என்றார் டிரைவர். "திரைக்குப் படம் அனுப்புற கிராபிக்ஸ் கார்டு."

கணினியை அணைத்துவிட்டு உள்ளே விரலை ஓட்டினார். கார்டின் ஒரு முனை தூக்கியிருந்தது. அழுத்தினார். டிக்.

மறுபடி இயக்கியதும் திரை வெளிச்சமானது. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

"இன்னொரு கோளாறும் வச்சிருக்கேன்," என்றார் தேர்வாளர். "திரையிலேயே எழுதியிருக்கு. அந்தம்மா வேண்டாம், நீங்க வாசிங்க."

திரையின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி.

டிரைவர் வாசிக்கவில்லை.

அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கண் திரையில் இல்லை. திரைக்கு ஒரு சாண் தள்ளி, வெறும் சுவரில் இருந்தது. கழுத்தைக் கொஞ்சம் திருப்பினார். திரையை நேராகப் பார்த்தார். மறுபடியும் பார்வை சுவருக்குப் போனது, அங்கிருந்து பார்த்தால்தான் ஓரத்திலாவது ஏதாவது தட்டுப்படும் என்பதுபோல.

அவர் பஸ் ஓட்டுவதை விட்டது கையால் இல்லை, கண்ணால்.

"கீபோர்டைக் காணோம்னு சொல்லுது சார்!" என்று கத்திவிட்டேன்.

அறையே திரும்பிப் பார்த்தது.

"உங்களையா கேட்டேன்?" தேர்வாளர் என் பெயருக்கு நேரே பேனாவை இழுத்தார். "அடுத்தவர் கேள்விக்கு வாய் விட்டா மார்க் குறையும், தெரியுமில்ல?"

"முந்திரிக்கொட்டை சார் இவ," என்றார் டிரைவர். "யாரையும் பேச விடமாட்டா."

"பழக்கதோஷம் சார்," என்றேன்.

"சரி, அடுத்து என்ன செய்யணும்? அதையாவது நீங்க செய்யுங்க."

டிரைவரின் கை ஏற்கெனவே பெட்டியின் பின்பக்கம் போயிருந்தது. கழன்று கிடந்த கீபோர்டு வயரைப் பிடித்தது. ஒரு துளையைத் தடவி விட்டது. இன்னொன்றைத் தடவியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவதில் பிளக் உட்கார்ந்தது. அவர் கீபோர்டில் ஒரு விசையைத் தட்டினார்.

திரையில் அந்த வரி மறைந்தது.

தேர்வாளர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

"போயிடுச்சா?" என்றார் டிரைவர், உதடு அசையாமல்.

மேசையை விரலால் ஒருமுறை தட்டினேன்.