அதே பெயரில் இன்னொன்று

வேதா தன் கைபேசியை அணைத்துத் தலையணைக்கு அடியில் தள்ளினாள். நடுவில் அது கத்தித் தொலைக்கக் கூடாது.

மைதிலியின் கைபேசி அடித்தது. எடுத்தவள் வேதா.

"யெஸ், மைதிலி ஸ்பீக்கிங்" என்றாள்.

அமீர்பேட்டை லேடீஸ் ஹாஸ்டலில் இது ஒன்றும் புதுமை இல்லை. ஒருத்தியின் ஃபோன் இண்டர்வியூவுக்கு இன்னொருத்தி பதில் சொல்வது, காய்ச்சலில் கிடப்பவளுக்குத் துணி அலசிப் போடுவது மாதிரிதான்.

மைதிலியின் பயோடேட்டாவில் பெங்களூரில் இரண்டு வருட அனுபவம் இருந்தது. மைதிலி பெங்களூரை ரயில் ஜன்னல் வழியாகக்கூடப் பார்த்ததில்லை.

வேதாவிடம் பாடம் இருந்தது, அனுபவம் இல்லை. படிப்பு முடிந்த கையோடு இரண்டு வருடம் அப்பாவின் ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் போய்விட்டது. அதை உள்ளபடியே எழுதிக் கொடுத்தாள். போன மாதம் இதே கம்பெனிக்கு நேரில் போனபோது, கேள்வி கேட்டவர் ரசித்துத் தலையாட்டினார். ஹெச்.ஆர். அம்மாள்தான் அந்த இரண்டு வருடத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"நான் மட்டும் உள்ள போய்ட்டேன்னா உன்னை ரெஃபர் பண்ணி இழுத்துருவேன்டி" என்று மைதிலி சத்தியம் செய்திருந்தாள். வேதாவுக்கு மிச்சமிருந்த வழி அது ஒன்றுதான்.

மறுமுனையில் பேசியவர் தன் பெயர் இருதயராஜ் என்றார்.

போன மாதம் தலையாட்டிய அதே மனிதர். வேதா குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டாள்.

கேள்விகள் ஆங்கிலத்தில் வந்தன. வைஃபைக்கு டபிள்யூ.இ.பி. பூட்டு ஏன் ஆகாது? அது பேருக்குப் போட்ட கொண்டி. காற்றில் போவதைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்தாலே சாவி கிடைத்துவிடும் என்றாள். டபிள்யூ.பி.ஏ.? பழைய கருவிகளைத் தூக்கி எறியாமல் இருக்கப் போட்ட ஒட்டு. டபிள்யூ.பி.ஏ. டூ? அது பூட்டே புதிது.

கீழே ஹாஸ்டல் அம்மா "நீள்ளு ஒச்சினாயி!" என்று தெலுங்கில் தண்ணீர் வந்ததை ஊருக்கே அறிவித்தாள். மைதிலி ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

ஈவில் ட்வின் என்றால் என்ன?

ஏர்போர்ட் வைஃபையின் பெயரையே வைத்து ஒருவன் பக்கத்தில் இன்னொன்றைத் திறந்துவைப்பான், பெயரை நம்பி இணைகிறவர்கள் ஏமாறுவார்கள் என்று விளக்கினாள். எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டார். பெயரை மட்டும் நம்பக் கூடாது, சான்றிதழைச் சரிபார்க்க வேண்டும் என்றாள். சொல்லும்போதே அவளுக்கு நாக்குக் கூசியது.

இருதயராஜ் சிரித்துவிட்டுத் தமிழுக்கு மாறினார்.

"மைதிலி, நீங்க செலக்ட். இன்னொரு இடமும் இருக்கு. உங்க காலேஜ்தான், வேதான்னு ஒரு பொண்ணு. போன மாசம் இதே மாதிரி பிரமாதமா பதில் சொன்னாங்க. சண்டை போட்டு இன்னிக்குத்தான் ஹெச்.ஆரைச் சம்மதிக்க வெச்சேன். உங்களுக்கு அடிக்கறதுக்கு முன்னாடி அவங்களுக்குத்தான் அடிச்சேன், சுவிட்ச் ஆஃப்னு வருது. சாயங்காலத்துக்குள்ள பேர் குடுக்கணும். உங்களுக்கு அவங்களைத் தெரியுமா?"

தெரியும் என்றால் வேதாவைப் பேசச் சொல்வார். அந்த வேதாவும் இதே குரலில்தான் பேசுவாள். குரல் பிடிபட்டால் மைதிலியின் பெங்களூரும் கூடவே வெளியே வரும்.

மைதிலிக்கு மறுமுனைப் பேச்சு கேட்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு கட்டை விரலையும் உயர்த்திக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வேதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தெரியாது சார்."

வைத்ததும் வேலை கிடைத்த செய்தியைச் சொன்னாள். மைதிலி அவளைக் கட்டிக்கொண்டு குதித்தாள். உள்ளே போனதும் முதல் வேலை உன்னை ரெஃபர் செய்வதுதான் என்று மறுபடி சத்தியம் செய்தாள். பிறகு மூச்சு வாங்கக் கேட்டாள்.

"எல்லாத்துக்கும் பட்டுபட்டுன்னு சொன்னியே, கடைசிக் கேள்விக்கு மட்டும் ஏன்டி தெரியாதுன்னுட்ட? அவ்ளோ கஷ்டமா?"

"ஆமாடி" என்றாள் வேதா.

தலையணைக்கு அடியிலிருந்து கைபேசியை எடுத்தாள். அதை உயிர்ப்பிக்காமல் அப்படியே பெட்டிக்குள் துணிகளுக்கு அடியில் வைத்தாள்.