பின் அறையில் நடப்பவர்

செத்த வீட்டுக்கு வந்து, செத்தவரின் காலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனவனை ஊர் நல்லவன் என்றா சொல்லும்?

முரசுமோட்டைப் பரமலிங்கத்துக்கு இடது கால் சண்டைக்காலத்தில் மிதிவெடியில் போனது. பிறகு பிளாஸ்டிக் கால்தான். வயலுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. போன வருசம் ஒருநாள் விடியத் தேடினால், மனுசன் வாய்க்காலுக்குள் விழுந்து செத்துக் கிடந்தார். வயல் கால் இரண்டாக முறிந்திருந்தது.

"திரும்பக் குடிக்கத் தொடங்கிட்டார். அதுதான் விழுந்தவர்" என்று மனைவி விமலேஸ்வரியே எல்லோருக்கும் சொன்னாள். அவர் படத்துக்கு ஒருநாள்கூட அவள் விளக்கு வைக்கவில்லை.

எட்டாம் நாள் வந்து நின்றவன்தான் கோகுலன். செயற்கைக் கால் செய்யும் பட்டறையில் வேலை.

"அக்கா, அண்ணையின்ரை ரெண்டு காலையும் தாங்கோ. முறிஞ்சதையும் தாங்கோ."

"கொண்டு போம்" என்றாள். ஏன், எதற்கு என்று கேட்கும் நிலையில் அவள் இல்லை.

அதே கோகுலன் இப்போது அவள் வீட்டுப் பின் அறையிலேயே வாடகைக்கு வந்துவிட்டான். பகலில் பட்டறை, பின்னேரம் போனில் படிப்பு. பொலிமர் எஞ்சினியரிங்காம்.

"பிளாஸ்டிக்குக்கும் ஒரு படிப்போ?" என்று சிரித்தாள் பக்கத்து வீட்டு சுரேகா. மூன்றாம் நாள் பின்னேரம் அவள் முகத்தில் சிரிப்பே இல்லை.

"அக்கா, அந்த அறைக்குள்ளை ஆரோ நடக்கினம்."

"தம்பிதான் நடப்பான்."

"தம்பி கிணத்தடியிலை இருக்கிறான். அங்கை பாருங்கோ."

விமலேஸ்வரி எட்டிப் பார்த்தாள். அந்த வளவில் கிணற்றடியில்தான் சிக்னல் ஒழுங்காக வரும். கோகுலன் கதிரை போட்டு, காதில் வயரோடு வகுப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். பின் அறை பூட்டிக் கிடந்தது.

டொக்.

கொஞ்சம் பொறுத்து, டொக்.

இடையில் வரவேண்டிய நல்ல காலின் சத்தம் மட்டும் இல்லை. ஆனாலும் அந்த நடை விமலேஸ்வரிக்குத் தெரியும். எத்தனை வருசம் அந்தச் சத்தம் கேட்டுச் சோறு போட்டவள்!

அன்றிலிருந்து தினமும் ஆறு மணிக்கு அது நடந்தது. அவர் வயலிலிருந்து வீட்டுக்கு வரும் அதே நேரம். வற்றாப்பளை அம்மன் கோயில் திருநீற்றைக் கதவடியில் தூவிப் பார்த்தாள். அது பாட்டுக்கு நடந்தது.

"செத்த ஆளின்ரை காலை உள்ளுக்கை வைச்சிருக்கிறான். காலைத் தேடி ஆளும் வந்திட்டார்" என்றாள் சுரேகா. "இவனை முதலிலை வெளிக்கிடச் சொல்லுங்கோ."

"காலைத் தேடி வரேல்லை. என்னட்டைக் கேக்கத்தான் வந்திட்டார்."

"என்னத்தைக் கேக்க?"

விமலேஸ்வரி நேரே கிணற்றடிக்குப் போனாள்.

"தம்பி, நாளைக்கே அறையை விடும்."

"ஏனக்கா? இன்னும் ஒரு கிழமை பொறுங்கோ. ஆய்வு முடியப் போகுது. இப்ப விட்டால் படிச்சதெல்லாம் வீண்."

"அப்ப கதவைத் திறவும்!"

கோகுலன் தயங்கித் தயங்கித் திறந்தான். சுரேகா "ஐயோ!" என்று பின்வாங்கினாள்.

ஒரு கால் நடந்துகொண்டிருந்தது. கால் மட்டும். பரமலிங்கத்தின் வீட்டுக் கால். அதில் அவருடைய ரப்பர் செருப்புக்கூட இருந்தது. ஒரு மரச் சட்டத்தில் பூட்டிய தையல் மெசின் மோட்டர் அதைத் தூக்குவதும் பலகையில் குத்துவதுமாக இருந்தது.

கோகுலன் குந்தியிருந்து பார்த்தான். அவன் முகம் மாறிவிட்டது. கணுக்காலுக்கு மேலே, தலைமயிர் அளவில் ஒரு வெடிப்பு.

"எத்தினை அடிக்கு வெடிக்குதெண்டு பாக்கத்தான் தினமும் ஆறு மணிக்கு வகுப்புக்குப் போகேக்கை இதைப் போட்டுவிட்டனான். வெடிச்சிட்டுது அக்கா. வயல் கால் முறிஞ்ச அதே இடம். அண்ணை விழுந்து கால் முறியேல்லை. கால் முறிஞ்சுதான் அண்ணை விழுந்தவர்."

"ஆர் செய்த கால் இது?"

"நான்தான்." அவன் நிமிரவில்லை. "பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி இளக்கித்தான் கால் செய்யிறது. அண்டைக்கு அரைவாசியிலை கரண்ட் போயிட்டுது. தகடு வீணாப் போகுதெண்டு, ஆறினதைத் திரும்பவும் சூடாக்கினனான். அந்த ஒரே தகட்டிலைதான் ரெண்டு காலும். அப்பிடிச் சூடாக்கினால் உள்ளுக்குள்ளை பலம் போயிடுமெண்டு படிச்சாப் பிறகுதான் அறிஞ்சனான். உங்களுக்குச் சொல்லத்தான் இந்த வீட்டுக்கே வந்தனான். வாய் வரேல்லை."

"இனி?"

"என்ரை பேரைப் போட்டே ஆய்வை எழுதுறன். வேலை போகும், போகட்டும். கரண்ட் போன வேறை நாளுகளிலையும் நான் அப்பிடிச் செய்த காலோடை இன்னும் ஆறு பேர் நடக்கினம். அதுகளைத் திருப்பி எடுக்கவேணும்."

விமலேஸ்வரி காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணை குடிக்கேல்லை அக்கா. முறியிறதுக்கு முதல் வெடிச்ச காலோடை நடந்திருப்பார். பாக்கிறவைக்கு வெறியிலை தள்ளாடுற மாதிரித்தான் இருந்திருக்கும்" என்றபடி அவன் சுவிச்சுக்குக் கை நீட்டினான்.

அவள் அந்தக் கையைப் பிடித்தாள்.

"நிப்பாட்டாதையும் தம்பி. வீட்டுக்குள்ளை கொஞ்சம் நடக்கட்டும். அண்டைக்குத் தள்ளாடிக்கொண்டு வாசலுக்கு வந்த மனுசனை, வெறியெண்டு கதவைச் சாத்தித் திருப்பி அனுப்பினது நான்."