தர்மராசாவின் மண்டபம்

சுதந்திரத்துக்கு மறு வருஷம், ஜமீன் அரண்மனையை ஜனங்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். காவல்காரர் செந்தூர்பாண்டிதான் சரித்திரமும் சொன்னார்.

"எங்க ராசா ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நெனச்சதில்ல."

கூட்டம் வெளியேறியது. முத்தையாபுரத்துக் கிழவர் அய்யாக்குட்டி மட்டும் வெறும் சிம்மாசனத்தைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்தார். ஒரு கை முதுகுக்குப் பின்னே துழாவியது. சிம்மாசனத்துக்குப் பக்கத்து மேசையில் முத்துமாலைகள் கிடந்தன. செந்தூர்பாண்டிக்குச் சந்தேகம் தட்டியது.

"வேய், முதுகுல என்னத்த ஒளிச்சிருக்கீரு? திரும்பும்!"

"இங்கன வேண்டாம் அண்ணாச்சி. வாசலைத் தாண்டித் திரும்புதேன்."

"தாண்டி ஓடவா?"

தோளைப் பிடித்துத் திருப்பி, சட்டையைத் தூக்கினார். மாலை எதுவும் இல்லை. முதுகு முழுக்கப் பழைய சவுக்குத் தழும்புகள்.

"எளவட்டத்துல ஒரு தடவ, இதே மண்டபத்துல, ராசாவுக்கு முதுகக் காட்டிட்டேன் அண்ணாச்சி."