மைனருக்குப் பசிக்கவில்லை

தட்டை இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தான்.

பரோட்டா. சால்னாவில் ஊறியது. மேலே பாதி முட்டை.

நாய் மோந்து பார்த்தது. அவனைப் பார்த்தது. கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"சாப்பிட்றா மைனர். உனக்காகத்தாண்டா வாங்கினேன்."

பொய். அவன் தின்றதில் மிச்சம்.

பெண்டாட்டி கோபித்துக்கொண்டு அவள் அண்ணன் வீட்டுக்குப் போனதிலிருந்து இதே கதைதான். காலையில் பாலை ஊற்றினால் ஒரு நக்கு. ராத்திரி அதுவும் இல்லை.

அவள் போனதே இந்த நாயால்தான். தெருவில் அப்படித்தான் பேச்சு. தடுப்பூசி போடக் கூட்டிப் போங்கள் என்று மாதக்கணக்காகச் சொல்லியும் அவன் அசையவில்லை. "ஒரு நாயைப் பாத்துக்கத் துப்பில்ல, குடும்பம் நடத்த வந்துட்டாரு" என்றாள். "நாய் நான் வாங்கினது. நீ வேணா போ, அது இங்கதான் இருக்கும்" என்றான்.

வாய்தானே. வந்துவிட்டது.

அவளும் போய்விட்டாள். தூரம் ஒன்றுமில்லை, பின் தெரு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே போனாள்.

இப்போது இந்த நாய் செத்து வைத்தால்?

அவள் சொன்னது சரி என்றாகிவிடும். அப்புறம் எந்த முகத்தோடு பின் தெருவுக்குள் நுழைந்து, வா என்று கூப்பிடுவது?

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினான். பொமேரியன் என்று சொல்லி வாங்கியது, கன்றுக்குட்டி கனம் கனத்தது. ஒரு சினை மாட்டுக்குப் பின்னால், மடியில் வெள்ளை மூட்டையோடு உட்கார்ந்திருந்தான்.

டாக்டரம்மா விலாவைத் தடவினார். மறுபடியும் தடவினார்.

"எப்பலேர்ந்து சாப்பிடல?"

"வீட்ல ஊருக்குப் போனதிலேர்ந்து மேடம்."

பின் தெரு அதற்குள் ஊராகிவிட்டது.

"பட்டினி கிடந்தா எலும்பு கையில தட்டணும். இதுக்கு எலும்பைத் தேட வேண்டியிருக்கு."

காதைப் புரட்டினார். அழுக்கில்லை. கழுத்து மயிரை விலக்கினார். ஓர் உண்ணி இல்லை, ஒரு சிக்கு இல்லை. பாதத்தைத் தூக்கினார். நகம் வெட்டியிருந்தது. ரத்தம் வராமல், பதமாக.

"நல்லாத்தான் பாத்துக்கிறீங்க. இங்க வர்றவங்க பாதிப் பேருக்கு, நாய்க்கு நகம் வெட்டணும்னே தெரியாது."

அவனுக்கும் தெரியாது.

தலையை ஆட்டினான். யாருக்கோ வந்த பாராட்டு. வாங்கிக்கொண்டான்.

தடுப்பூசியை மட்டும் போட்டு அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து நாலு காலையும் தூக்கித் தூக்கிப் பார்த்தான். அவன் வெட்டவில்லை. நாய் தானாக வெட்டிக்கொள்ளாது. கதவோ, காலையில் அவன் பூட்டினால் சாயங்காலம் அவன்தான் திறக்கிறான்.

ஒன்றும் பிடிபடவில்லை.

எதிர்வீட்டு வாசலில் பிலோமினா அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பகல்ல யாராச்சும் நம்ம வீட்டுப் பக்கம் வந்தாங்களா?"

"யாரு வரப் போறா?" கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "திருடன் வந்தா சத்தம் போட மாட்டேனா? சாவி போட்டுத் திறக்கிறவங்களை நான் எதுக்கு தம்பி கேக்கப் போறேன்?"

தெருவுக்கே தெரிந்திருந்தது. அவன் டைல்ஸ் கடைக்குப் போனதும் மத்தியானம் அவள் வருவது. தூக்குவாளியில் உப்பில்லாத சோறும் ஈரலும் வருவது. ஹாலில் கால் நீட்டி உட்கார்ந்து, மடியில் கிடக்கும் மைனருக்கு மயிர் சீவிவிடுவது. இஸ்திரி வண்டிக்காரருக்குத் தெரியும். மாவு மில்லில் தெரியும்.

வீட்டுக்காரனுக்குத் தெரியாது. வயிறு நிறைந்த நாய்க்குத் தினமும் பரோட்டா பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

அவள் சாவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்பதே அப்போதுதான் உறைத்தது.

அவன் கேட்கவில்லை என்பதும்.

வருவது நாய்க்காக மட்டும்தானா?

ஒருநாள் கடைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்து கேட்டுவிடலாம். கேட்கப் போய், வருவதும் நின்றுபோனால்?

"என்னடா சொன்னா?" என்று நாயைக் கேட்டான்.

அது கொட்டாவி விட்டது.

திங்கட்கிழமை சீக்கிரம் எழுந்தான். தொட்டியில் குமிந்து கிடந்த பாத்திரங்களைக் கழுவினான். டீ போட்டான். இரண்டு டம்ளர். ஒன்றைக் குடித்துவிட்டு, இன்னொன்றைத் தட்டால் மூடி அடுப்புமேடையில் வைத்தான்.

மத்தியானம் வருகிறவளுக்குக் காலையில் போட்ட டீ. மோர் வைத்திருக்கலாம். தோன்றவில்லை. புத்தி அவ்வளவுதான்.

அன்றைக்குக் கடையில் குளியலறை டைல்ஸ் கேட்டவருக்கு மொட்டைமாடி டைல்ஸைக் காட்டினான்.

சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் போனான்.

டம்ளர் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. பக்கத்தில் தட்டு.

குடித்தாளா? கொட்டினாளா?

தொட்டிக்குள் குனிந்து பார்த்தான். சுத்தமாக இருந்தது. டம்ளரை எடுத்து மோந்தான். சோப்பு வாசனை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். மறுபடி மோந்தான். மைனர் பக்கத்தில் வந்து நின்று, தலையைச் சாய்த்து அவனையே பார்த்தது.

டம்ளரும் கையுமாக வாசலுக்கு வந்தான்.

எதிரே பிலோமினா அக்கா இரண்டு கையையும் விரித்தாள்.

அக்கா வீட்டு ஜன்னலிலிருந்து ஹால் வரைக்கும்தான் தெரியும்.