நசுங்காத எலுமிச்சம்பழங்கள்

"கையெழுத்த அப்புறம் போட்டுக்கலாம் சார். ராகு காலம் வர்றதுக்குள்ள வண்டிய பழத்து மேல ஏத்திடுங்க" என்று ஷோரூம் பெண் அவசரப்படுத்தினாள். நான்கு சக்கரங்களுக்கு முன்னாலும் எலுமிச்சம்பழம் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஏங்கிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் உட்கார்ந்து தனபாலன் பொத்தானை அழுத்தினார். போனில் கேட்டுக் கேட்டு மனப்பாடமான அதே உறுமல். காத்திருந்தார். மனசுக்குள்ளே எதுவும் அசையவில்லை. அணைத்துவிட்டு இறங்கினார்.

"வேணாம்மா."

பழங்களைப் பொறுக்கிப் பேன்ட் பைகளில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினார்.

வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற மனைவி கோமதி, அவர் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தாள்.

"வண்டி எங்கங்க?"

அவர் ஒரு பழத்தை எடுத்து நீட்டினார். கோமதி அவர் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு தட்டை உயர்த்தினாள்.

"கரைச்சது கரைச்சாச்சு. அசையாம நில்லுங்க."

அவர் அசையவே இல்லை.